துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் கரிசாலை

போன வாரம் அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஊதாப்பூ பூத்துக் கிடந்தது. நியூ இங்கிலாந்து ஆஸ்டர் என்று பெயராம். வாங்கி வைத்த சீமைப்பூ இல்லை, அந்த மண்ணிலேயே காலங்காலமாக இருக்கிற செடி என்றாள். பனிக்காலத்தில் தண்டெல்லாம் காய்ந்துவிடும், வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கும், வசந்தத்தில் திரும்பத் துளிர்க்கும். மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகு செப்டம்பர், அக்டோபரில் இது பூப்பதால், மெக்சிகோவுக்குப் பறந்து போகிற மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வழியில் இதில் இறங்கித் தேன் குடித்துவிட்டுப் போகுமாம். ஜூன் மாதமே பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் காற்றில் சாயாமல் புதராக நிற்கும் என்று வெட்டின இடத்தைக்கூடக் காட்டினாள்.

அப்புறம் கேட்டாள்: "சித்தி, இதே குடும்பத்துல நம்ம கடலூர் மண்ணுக்கே சொந்தமான செடி, வருஷம் பூரா நிக்கிற செடி ஏதாவது இருக்கா?"

நான் தோட்டத்துப் பக்கம் போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போனைத் திருப்பிக் காட்டினேன். "இதோ இருக்கு பாரு, உன் ஆஸ்டருக்குத் தங்கச்சி."

மஞ்சள் கரிசலாங்கண்ணி. எங்கள் வீட்டில் கரிசாலை என்போம். சித்த வைத்தியத்தில் பொற்றலைக் கையாந்தகரை. பொன் நிறத்தில் தலை இருக்கிற கையாந்தகரை என்று பெயர் வைத்தவரை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். அது உண்மையிலேயே தலைதான். நாம் ஒரு பூ என்று பார்ப்பது ஒரு பூ கிடையாது. நடுவில் பொடிப்பொடியாகக் குழல் போல நிற்பது ஒவ்வொன்றும் ஒரு பூ. ஓரத்தில் இதழ் போல விரிந்திருப்பது ஒவ்வொன்றும் ஒரு பூ. எல்லாம் ஒரே மேடையில் நெருக்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கும். சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி, அவள் ஊர் ஆஸ்டர், வயல் வரப்பில் முளைக்கிற வெள்ளைக் கரிசலாங்கண்ணி எல்லாமே இந்தக் கட்டுமானம்தான். இந்தக் குடும்பத்துக்கே ஆஸ்டர் குடும்பம் என்றுதான் பெயர். பூக்கடையில் ஆஸ்டர் என்று மாலைக்குக் கட்டுகிறார்களே, அது சீனத்து ஆஸ்டர், ஒரு தடவை பூத்ததும் முடிந்துபோகும். நான் சொல்வது நின்று நிலைக்கிற செடியை.

எனக்குத் தொழில் தையல். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிற ஊர் இது, பாதிரி மரம். பின்பக்கத் தோட்டம் பன்னிரண்டடிக்கு எட்டடி, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்தபோது அங்கே ஒரு பழைய மாமரம் நின்றது. அதன் நிழலில் துவைக்கிற கல். கல்லிலிருந்து தண்ணீர் ஓடிப்போகிற சின்ன வாய்க்கால் ஓரம் முழுக்க மஞ்சள் கரிசாலை பச்சையாகப் படர்ந்திருந்தது. என் மாமியார் வைத்தது. வாரம் ஒருநாள் நுனி கிள்ளிப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைப்பார்கள். நான் அப்போது அதை ஒரு செடியாகவே கவனித்ததில்லை. கேட்காமலே இருந்தது, அதனால்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் எங்கள் கரையில் ஏறியது. கடலூரில் அந்த ராத்திரி இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. எங்கள் மாமரமும் போனது. ஓடு உடைந்தது, சுவர் விரிந்தது என்று அதையெல்லாம் சரிசெய்வதிலேயே நான்கு மாதம் ஓடிவிட்டது. அந்தக் கத்திரியில் தோட்டத்தில் நாள் முழுக்க வெயில். நிழலே இல்லை. மே மாத முடிவில் அந்த வாய்க்கால் ஓரம் பழுப்பு நூல் போலக் கொடி மட்டும் கிடந்தது. மழை வந்தும் துளிர்க்கவில்லை. என் மாமியார், "போச்சு" என்று ஒரே வார்த்தை சொன்னார்கள். மரம் விழுந்ததற்குக்கூட அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

சரி, ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று இரண்டு வருஷம் கழித்து ஒரு நர்சரியில் கேட்டேன். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மஞ்சள் பூ, படர்கிற கொடி, கணுவுக்குக் கணு வேர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டேன். ஒரே மழைக்காலத்தில் வாய்க்காலைத் தாண்டி, கல்லைச் சுற்றி, வேலி ஓரம் வரை போய்விட்டது. ஒருநாள் கொத்தாகப் பறித்து அலசி மாமியார் முன்னால் முறத்தில் வைத்தேன். ஒரு இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். "இது நம்ம கரிசாலை இல்லம்மா. இதுக்கு எல பிளந்திருக்கு பாரு. இத ஆக்காத."

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். எனக்குக் கிடைத்தது சிங்கப்பூர் டெய்ஸி என்று சொல்கிற செடி. பெயரில்தான் சிங்கப்பூர், சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதி வரை. அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோய் வைத்தார்கள். உலகத்தில் மிக மோசமாக ஆக்கிரமிக்கிற 100 உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு நிபுணர்கள் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். அதனால்தான் இவ்வளவு குழப்பம். இன்றைக்கும் நர்சரிகளிலும் இணையத்திலும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று போட்டிருக்கிற படங்களில் பல, இந்தச் சிங்கப்பூர் டெய்ஸிதான்.

இந்த இடத்தில் நிதானமாகச் சொல்கிறேன், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். சிங்கப்பூர் டெய்ஸியின் இலை அகலமானது, தடிப்பானது, எண்ணெய் தடவினது போல மினுங்கும். நடு மடலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன மடல் பிரிந்து, சூலம் போல மூன்று முனை தெரியும். எல்லா இலையிலும் மடல் தெளிவாக இருக்காது, நாலைந்து இலை பார்த்தால் பிடிபட்டுவிடும். நம்முடைய கரிசாலையின் இலை ஒடுக்கமானது, ஈட்டி போல நீளமாகப் போகும். மடல் கிடையாது. ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசாகப் பல் மட்டும் இருக்கும். மினுங்காது. விரலால் தடவினால் சொரசொரக்கும், காடாத் துணியின் மேல் விரல் ஓட்டுகிற மாதிரி. காம்பு அநேகமாக இருக்காது, இலை நேராகக் கொடியில் ஒட்டினது போல எதிரும் புதிருமாக நிற்கும். நான் துணி வெட்டுகிறவள், ஓரத்தைப் பார்த்தே அளவு சொல்கிறவள். எனக்கே தப்பியது என்றால் மற்றவர்களுக்குத் தப்புவதில் ஆச்சரியமில்லை. அறிவியல் பெயரைக் கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. பழைய பெயர் வெடேலியா சைனென்சிஸ், இப்போதைய பெயர் ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. டிரைலோபேட்டா என்று முடிந்தால் அது மூன்று மடல் செடி.

அதைப் பிடுங்குவதற்கு எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது. ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும், பத்தாம் நாள் துளிர் நிற்கும். பிடுங்கினதை உரக்குழியில் போட்டுவிட்டேன், அங்கேயும் முளைத்தது. கடைசியில் பிடுங்கினதையெல்லாம் மொட்டை மாடி சிமெண்டில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்குகிற வரை காயவிட்டு அப்புறம்தான் உரக்குழிக்குப் போட்டேன். உங்கள் வீட்டில் இது தொட்டியில் இருந்தால், வெட்டினதைத் தயவுசெய்து வாய்க்காலிலோ குளத்தங்கரையிலோ வீசாதீர்கள். நம் கரிசாலை உட்கார வேண்டிய ஈரமான இடங்களையே இதுவும் பிடிக்கிறது.

உண்மையான செடி அம்மா ஊரில் கிடைத்தது, குறிஞ்சிப்பாடிப் பக்கம். ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் கரையில், கோரைக்கு நடுவில் அந்தச் சொரசொர இலை. உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். நிறைய இருந்தது, ஆனாலும் ஐந்து துண்டு மட்டும் கிள்ளினேன். ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாமியார் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "ம், இதான்" என்றார்கள். அவர்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. செடி இருக்கிறது.

நட்ட விதம் சொல்கிறேன். மாதம் ஆடி. விதையை நம்பி இருக்க வேண்டாம், கொடித்துண்டுதான் சுலபம். ஒரு சாண் நீளத்துக்கு, நான்கைந்து கணு இருக்கிற மாதிரி, பூ இல்லாத தண்டாகக் கிள்ளிக்கொள்ள வேண்டும். நட்டமாகக் குத்தி வைக்காமல் படுக்கவைத்து, நடுவில் இருக்கிற இரண்டு கணுவை மட்டும் விரல் ஆழத்துக்கு மண்ணால் மூடி, நுனியை வெளியே விட வேண்டும். கொடி தானாகப் படர்கிறபோது அப்படித்தான் வேர்விடுகிறது. நாமும் அதையே செய்கிறோம். முதல் இரண்டு வாரம் மண் காயவே கூடாது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் புது இலை வந்தது.

மண் விஷயத்தில் கடலூரில் இரண்டு தொல்லை. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. கடலுக்குப் பக்கத்தில் போகப் போக மணல், போர் தண்ணீரும் உப்பு. நான் செம்மண் இரண்டு கூடை, ஏரி வண்டல் ஒரு கூடை, மக்கின மாட்டெரு ஒரு கூடை, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு கலந்தேன். மாட்டெரு நன்றாக மக்கி, மண் வாசனை வந்திருக்க வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்பு கரிக்கும், அதனால் அரிசி, பருப்பு கழுவின தண்ணீரையும் மழையில் அண்டாவில் பிடித்ததையும் இதற்கென்று ஒதுக்குகிறேன். துவைக்கிற கல் பக்கம் என்றாலும் சோப்புத் தண்ணீர் இதற்குப் போவதில்லை. செங்கல் வைத்து வாய்க்காலை இரண்டாகப் பிரித்திருக்கிறேன், பாத்திரம் கடைசியாக அலசுகிற தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வரும். சாப்பிடுகிற செடியில் அந்த அக்கறை வேண்டும்.

தொட்டியில் வைப்பதாக இருந்தால் ஆழமான பூந்தொட்டி வேண்டாம், அகலமான தாம்பாளம் போன்றது போதும். படர்வதற்குத்தான் இடம் கேட்கும். கீழே ஒரு தட்டு வைத்து அதில் தண்ணீர் நிற்கவிட்டாலும் வெயில் காலத்தில் ஒன்றும் செய்யாது. இது வரப்பும் வாய்க்காலும் பார்த்த செடி.

வெயில்தான் பெரிய கேள்வி. நிழலிலேயே வைத்தால் இலை நன்றாக வரும், பூ குறையும். கத்திரி வெயில் நேராக அடித்தால் என்ன ஆகும் என்று 2012-இல் பார்த்துவிட்டேன். காலை பதினொரு மணி வரை வெயில், அதன் பிறகு சுவர் நிழல் என்று இப்போது இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மாமரம் இருந்த இடத்தில் ஒரு முருங்கை நிற்கிறது, அது போடுகிற சல்லடை நிழல் இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறப்பதற்கு முன்னால் காய்ந்த முருங்கை இலை, வாழைச்சருகு இதையெல்லாம் கொடிக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுவேன். சாயங்காலம் ஒரு வேளை நன்றாகத் தண்ணீர். அந்த மாதத்தில் அறுக்க மாட்டேன், உரமும் போட மாட்டேன்.

மற்ற மாதங்களில் அறுக்காமல் இருக்கக் கூடாது. பாவம் என்று விட்டால் கொடி நீண்டு, அடியில் இலை உதிர்ந்து, நடுவில் மொட்டையாகிவிடும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன், துணி வெட்டுகிற கத்தரி இல்லை, இதற்கென்று தனிக் கத்தரி. வெட்டினதில் இளசு சமையலுக்கு, முற்றினது எண்ணெய்க்கு. அக்கா மகள் தன் ஆஸ்டரை ஜூனில் வெட்டுவதும் இதுவும் ஒரே காரியம், அவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, எனக்கு ஏழெட்டு தடவை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடுவில் இருக்கிற பழைய வேர்க்கட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் இருக்கிற இளசான வேர்விட்ட துண்டுகளை அந்த இடத்தில் வைப்பேன்.

பூச்சி அதிகம் வராது. பங்குனியில் நுனியில் கறுப்பு அசுவினி ஏறும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலம் தெளிப்பேன். அதற்கப்புறம் பத்து நாள் பறிக்க மாட்டேன். மழைக்காலத்தில் நத்தைதான் எதிரி. ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி அப்படியே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் மல்லிகை போயிருந்தது, செம்பருத்தி ஒன்று போயிருந்தது. கரிசாலை சேற்றுக்கு அடியில் இருந்தது. நல்ல தண்ணீர் ஊற்றி இலை மேல் இருந்த சேற்றைக் கழுவி, புதைந்த கொடியை விரலால் தூக்கிவிட்டு, அழுகின இலைகளைக் கிள்ளிப் போட்டேன். வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும், அதனால் முதல் இரண்டு அறுப்பைச் சமைக்காமல் தூர எறிந்தேன். தைப் பொங்கலுக்கு மஞ்சளாகப் பூத்தது. வெள்ளம் வந்து போகிற ஊரில் இருக்கிறவர்கள் இந்தச் செடியை யோசிக்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

பூ இருக்கிற காலையில் எட்டு மணிக்கு மேல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கொசுத்தேனீ, கோடு போட்ட சின்ன ஈ, மஞ்சள் சிறகுப் பட்டாம்பூச்சி எல்லாம் தரையோடு தரையாக வரும். நான் டீ டம்ளரோடு அங்கேதான் உட்காருவேன்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரிசாலை வெறும் கீரை இல்லை. 1867-இல் வடலூரில் தருமசாலையின் அடுப்பை ஏற்றின வள்ளலார், கரிசாலையை மிக உயர்வாகச் சொன்னவர். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் நான்கும் சேர்த்த பொடியைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிப்பது இன்றைக்கும் சன்மார்க்க வீடுகளில் வழக்கம். எங்கள் ஆயாவும் குடித்தார்கள். விஞ்ஞானத்திலும் இதற்கு ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் கோவிந்தாச்சாரியும் உடன் வேலை செய்தவர்களும் இந்தச் செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதன் அமைப்பை 1956-இல் வெளியிட்டார்கள். செடியின் அப்போதைய பெயரை வைத்து அதற்கு வெடிலோலாக்டோன் என்று பெயர். ஈரலுக்கு, காமாலைக்கு என்று சொல்வதையெல்லாம் நான் வைத்தியம் படித்தவர்களிடம் விட்டுவிடுகிறேன். நீங்களும் உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது இலையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தது கூட்டும் எண்ணெயும். முற்றின இலையை இடித்துச் சாறெடுத்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் சடசடப்பு அடங்குகிற வரை காய்ச்சி வடிகட்டினால் ஆறு மாதம் கெடாது. ஈரம் கொஞ்சம் தங்கினாலும் சிக்கு வாடை வந்துவிடும், அதனால் சத்தம் நின்றதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

வேலி ஓரத்தில் சீதேவியார் செங்கழுநீர் இரண்டு தானாக முளைத்திருக்கிறது. ஊதா நிறத்தில் பொடிப்பூ, அதுவும் இந்தக் குடும்பம்தான். களை என்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். அக்கா மகளின் ஊதா ஆஸ்டரைப் பார்த்த பிறகு விட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது புரட்டாசி. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் பாத்தியின் கரையை ஒரு செங்கல் உயரம் தூக்க வேண்டும், ஒரு அறுப்பும் பாக்கி இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ரவிக்கை அளவு கொடுக்க வந்தபோது செடியைப் பார்த்துக் கேட்டாள். ஆறு துண்டு ஈரச் சாக்கில் சுற்றி மிஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரவிக்கை வாங்க வருவாள், அப்போது கொடுத்தனுப்ப வேண்டும்.